காம்போடு பறித்த ஒரு பழம்

நீ பயிற்சிக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. சாப்பிட்டியா, தூங்கினியா என்று நான் அனுப்பும் செய்திகளுக்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புகிறாய். அதற்கு மேல் நமக்குள் பேச்சு ஓடுவதில்லை. பன்னிரண்டு வருடமாகவே ஓடியதில்லை. அதற்குக் காரணம் நான் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நாலு பேர் நடுவில் உன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு, இப்போது யாருக்கும் தெரியாமல் ஓர் உறைக்குள் வைத்து ஒட்டித் திருப்பிக் கொடுப்பது சரியாகப்படவில்லை. அச்சில் வரட்டும் என்று கொடுக்கிறேன். நூலகப் புத்தகத்தின் ஓரத்தில்கூடப் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பழகாதவள் நான். யார் பெயரையும் எழுதவில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

நீ கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குத்துக்கல்வலசை வீட்டில் உனக்காகக் கறி எடுத்துச் சமைத்தோம். அச்சன்புதூரிலிருந்து உன் பெரியப்பா வந்திருந்தார். அப்பாவின் அண்ணன், நம் குடும்பத்தில் அவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு வாய். எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "ஏலே தம்பி, பாத்தியா கூத்த? நம்ம மாம்பழப் புளுகுணி போலீசாவுதா. இனி எவன் சொல்லுதது நெசம், எவன் சொல்லுதது பொய்யின்னு இவ எழுதுதத வச்சுத்தான் கோர்ட்டே நடக்கும்." அப்பா சிரித்தார். நீயும் சிரித்தாய். "ஆமா பெரியப்பா, மொத கேசே உங்க மேலதான் போடப் போறேன்" என்றாய். எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் இலைக்கு வந்தபோது நீ நிமிர்ந்து ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாய். "போதும்மா" என்று கையைக் குறுக்கே நீட்டினாய். நான் அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.

அந்தப் பெயர் ஒன்பது வயதில் உனக்கு வந்தது. அச்சன்புதூர்த் தோப்பில் வைத்து வந்தது, அப்போது நாமும் அந்த ஊரில்தான் குடியிருந்தோம். இப்போது அங்கே மரம் கிடையாது. வெள்ளையும் மஞ்சளும் அடித்த கல்லை ஊன்றி மனை போட்டிருக்கிறார்கள். அப்போது அவ்வளவும் மாமரம். தை மாதம் பூ நிறைய எடுத்ததும் குத்தகைக்காரர் வந்து பார்ப்பார். பேசி முடித்த கையோடு வாசலோரத்து மரத்தில் ஒரு பச்சைப் பனையோலையை முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவார். ஓலை கட்டியாயிற்று என்றால் தோப்பு அவருடையது. ஆடி முடிந்து அவர் கையால் அதை அவிழ்க்கிறவரை நம் வீட்டு ஆட்கள் மரத்தடியில் கால் வைக்கக் கூடாது. மோட்டார் போடப் போகிறவர்கள்கூட வரப்பில் போய் வரப்பிலேயே திரும்ப வேண்டும். காற்றில் உதிர்ந்தது, கிளி கொத்தியது, அழுகி விழுந்தது எல்லாம் அவருக்குச் சேர்ந்தது. அப்பா வழித் தாத்தா ஒரு குத்தகைக்காரருக்குக் கொடுத்த வாக்கு அது. பெரியப்பா அதை நகை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்தார். "ஓலை கட்டுன பெறவு நம்ம வீட்டுல மாம்பழ வாசமே அடிக்கப்பிடாது" என்பார். தோப்பு வைத்திருந்த நாம் சீசனில் பழத்தைக் கடையில் வாங்கித் தின்றோம். "நம்ம மரந்தானம்மா?" என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய்.

ஊரில் எல்லாரும் குற்றாலத்தில் எப்போது தண்ணீர் விழும் என்று காத்திருப்பார்கள். எனக்குச் சாரல் பிடிக்காமல் போனது அந்தத் தோப்பால். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல், நாள் கணக்கில் இலை காயாமல் ஈரம் நிற்கும். ஆனி மாதம், பழம் முற்றி நிற்கிற நேரம். முதலில் கிணற்றடி மரத்தில்தான் பார்த்தேன். காம்பைச் சுற்றி மோதிரம் போட்டது போல ஒரு கறுப்பு வட்டம். இரண்டு நாளில் அது உள்ளே குழிந்துவிடும். அதன்மேல் இளஞ்சிவப்பாக ஒரு பிசின் கசியும். விழுந்த பழங்கள் ஓலைக் கணக்கில் அவருக்குச் சேர்ந்தும் யாருக்கும் வேண்டாத பழங்களாகக் கிடந்து, தோல் சுருங்கிக் கொட்டையோடு ஒட்டி, ஆடிக் காற்றிலும் அங்கேயே கிடக்கும். குத்தகைக்காரருக்கு அழுகலால் பிரயோசனம் இல்லை. அதனால் அள்ள மாட்டார். நமக்கு அள்ள உரிமை இல்லை. நுனி கருகிய குச்சிகளும் அப்படியே மரத்தில் நின்றன. அடுத்த வருடம் இரண்டு மரம் கூடுதலாகக் கறுத்தது.

நான் தென்காசி டவுனில் பிறந்தவள். கோயில் தெருவில், நிலம் என்றால் பூந்தொட்டி என்று வளர்ந்த வீடு. பத்தொன்பது வயதில் கட்டிக்கொண்டு வந்த இடத்தில் என்னைப் 'படிச்ச மருமவ' என்றுதான் சொல்வார்கள், பாதி கேலி. அந்தக் கேலிக்காகவே நூலகத்துக்குப் போய் மர நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்து படித்தேன். நம் மாம்பழத்தைக் கறுக்க வைத்த இதே பூஞ்சணம் எங்கோ கடல் தாண்டி இருக்கிற ஆலிவ் தோப்புகளையும் அழுக வைக்கிறதாம். பழம் சுருங்கி வற்றிக் கிளையிலேயே தொங்கி, அடுத்த வருடத்துப் பூவுக்கு நோயைக் கொடுக்குமாம். அங்கே ஆட்கள் ஏறி அவற்றை ஒவ்வொன்றாகப் பறித்துப் போடுவார்கள் என்று எழுதியிருந்தது. கண்ணாடிப் பாட்டிலில் தவிர வேறெங்கும் ஆலிவை நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் பல தடவை படித்தேன். அவர்களுக்கு ஓலை கட்டும் வழக்கம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கறுத்த குச்சியையும் பழத்தையும் பையில் போட்டுக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். அழுகினதைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், காய்ந்த குச்சியை வெட்டி எரிக்க வேண்டும், பூ எடுக்கும்போது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். "இது பிஞ்சிலயே உள்ள போயிரும்மா. காய் முத்துற வரைக்கும் சும்மா இருக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. பார்வைக்கு நல்லா இருக்கிற பழம் ஒண்ண காம்போட பறிச்சு அரிசிக்குள்ள வச்சுப் பாருங்க. அஞ்சாறு நாள்ல கறுத்துச்சுன்னா மரம் முழுக்க இருக்குன்னு அர்த்தம்." பெரியப்பாவிடம் சொன்னேன். "ஓலைய அவுக்கட்டும், பாப்போம்" என்றார். ஓலை அவிழ்க்கும்போது எல்லாம் மண்ணோடு மண்ணாகியிருக்கும் என்றேன். "ஏம்மா, நாங்க பொறந்ததுலேருந்து மரத்தப் பாக்கோம். நீ பொஸ்தவத்தப் பாரு" என்றார்.

அந்த ஆனி மாதத்தில் ஒரு நாள் காலையில் உன்னையும் கூட்டிக்கொண்டு தோப்புக்குள் போனேன். உனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வெளியூரில் போலீஸ் வேலையில் இருந்த அப்பா லீவில் வந்திருந்தார். இரண்டு கூடை எடுத்துப் போனோம். அழுகினவற்றை மட்டும் நீயும் நானும் பொறுக்கினோம். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே போட்டாய். முதல் நடை வீட்டுப் புழக்கடைக் குழிக்குப் போவதற்கு முன்னால், கிணற்றடி மரத்தின் தாழ்ந்த கிளையில் மஞ்சள் ஏறி, ஒரு புள்ளி இல்லாமல் நின்ற ஒரு பழத்தைக் காம்போடு பறித்தேன். "எனக்காம்மா?" என்று கேட்டாய். "இல்லட்டி, சோதிச்சுப் பாக்கதுக்கு" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அரிசி டிரம்மில் அதைப் புதைத்து வைத்தேன். நீ பக்கத்தில் நின்று பார்த்தாய்.

இரண்டாவது நடையில் பிடிபட்டோம். குத்தகைக்காரரை எல்லாரும் சிவகிரி அண்ணாச்சி என்பார்கள். கெட்ட மனிதர் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். "என்ன தாயி இது? ஓலை கட்டுன தோப்புக்குள்ள கூடையும் கையுமா நிக்கிய?"

"அழுகினத மட்டும் பொறுக்குதேன் அண்ணாச்சி. இங்கன கெடந்தா அடுத்த வருசம் பூவுலயே பிடிச்சிரும்."

"இன்னைக்கு அழுகினது போவும். நாளைக்கு நல்லதும் அழுகினதுன்னு வேலிக்கு அங்கிட்டுப் போவும். நான் யாரக் கேக்க?" என்று போனை எடுத்தார்.

பெரியப்பா வந்தார், அப்பா வந்தார், பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நாலு பேர் வந்தார்கள். பெரியப்பா கூடையைக் காலால் கவிழ்த்தார். சாறு வழிந்து ஓடியது, ஈ மொய்த்தது. ஒரு நல்ல பழம்கூட இல்லை. சிவகிரி அண்ணாச்சிக்கே சங்கடமாகிவிட்டது. "சரி விடுங்க, தெரியாம செஞ்சிட்டு" என்றார். அத்தோடு முடிந்திருக்கும். பெரியப்பாவுக்கு அது போதவில்லை. தன் வீட்டுக் கை சுத்தம் என்று அந்த நாலு பேருக்கும் ஐயம் திரிபறக் காட்டியாக வேண்டும். "பச்சப்பிள்ள பொய் சொல்லாது, அதுகிட்டயே கேப்போம். ஏட்டி, இங்கன வா. உங்கம்மா நல்ல பழம் எதும் எடுத்தாளா?"

நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாய்: "ஒண்ணே ஒண்ணு பெரியப்பா. மொத நடையில. கிணத்தடி மரத்துல காம்போட பறிச்சா."

நான் அப்போது என்ன சொல்லியிருக்கலாம் என்று பன்னிரண்டு வருடமாக யோசித்திருக்கிறேன். ஆமாம், பறித்தேன், சோதிக்கப் பறித்தேன், வாருங்கள் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கேட்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். அரிசிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றிருப்பார்கள். களவாணி என்ற வார்த்தை அன்று மத்தியானத்துக்குள் தென்காசியில் என் அம்மா வீட்டுக்குப் போயிருக்கும். இதையெல்லாம் பிறகு உட்கார்ந்து கோத்தேன். அந்த நிமிடத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது. "இல்ல. புளுகுதா. பழத்துக்கு ஏங்கிப் போயி வாய்க்கு வந்ததச் சொல்லுதா" என்றேன்.

"பெத்தவ மேலயே பொய் சொல்லுதியா?" என்று அப்பா அறைந்தார். இடது பக்கம். நீ கீழே விழுந்தாய். கவிழ்த்த அழுகலின் மேல்தான் விழுந்தாய். எழுந்து மறுபடியும் "பறிச்சா பெரியப்பா" என்றாய். இன்னொரு அறை விழுந்தது. மூன்றாம் தடவை நீ சொல்லவில்லை. "எம்மாடி, என்னமா புளுகுது இந்த வயசுல" என்று யாரோ சிரித்தார்கள். பெரியப்பா அங்கேயே பெயர் வைத்தார். என் பெயர் சுத்தமாக வீடு திரும்பியது.

மூன்று நாள் யார் கூப்பிட்டாலும் நீ வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாய். எனக்கு மட்டும்தான் அது தெரியும். டாக்டரிடம் கூட்டிப்போனால் எப்படி என்று கேட்பாரே என்று கூட்டிப்போகவில்லை. போன மாதம் உன் மெடிக்கல் அன்று வெளியே வேப்ப மரத்தடியில் நான் நின்றேன் அல்லவா? வெயிலுக்கு மயக்கம் வந்தது என்று சொன்னேன். உன் பின்னால் நின்று டாக்டர் இடது காதுக்கு மெல்லப் பேசிப் பார்ப்பாராம் என்று யாரோ சொல்லக் கேட்டுத்தான் அங்கே போய் ஒதுங்கினேன். நீ தேறிவிட்டாய். கையெழுத்து போட்ட காகிதத்தோடு சிரித்துக்கொண்டு வந்தாய். நான் அதற்கும் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தாய்.

ஐந்தாம் நாள் டிரம்மைத் திறந்தேன். அலுவலகத்து அம்மா சொன்னது அப்படியே நடந்திருந்தது. காம்பைச் சுற்றிக் கறுத்து, விரலால் தொட்டால் உள்ளே போகிற அளவுக்குக் குழிந்து, அரிசியில் கறை பிடித்திருந்தது. கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். அதைக் கொண்டுபோய்ப் பெரியப்பா முன்னால் வைத்தால் தோப்பு பிழைக்கும். புள்ளியே இல்லாத பழம் ஐந்து நாளில் இப்படி ஆனது என்று காட்டினால் சிவகிரி அண்ணாச்சிகூட ஓலையை அவிழ்த்துவிட்டு ஆள் விட்டு அள்ளியிருப்பார். ஆனால் இந்தப் பழம் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்பார்கள். நான் புழக்கடையில் குழி தோண்டினேன். நீ வாசற்படியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாய். "அது அந்தப் பழந்தானம்மா?" என்றாய். நம்மைத் தவிர அங்கே யாரும் இல்லை. அப்போதாவது ஆமாம் என்றிருக்கலாம். "அது கத்திரிக்கா சொத்தை. உள்ள போ" என்றேன். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். இந்த இரண்டாவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

தோப்பு நாலு வருடம் இழுத்தது. பெட்டியில் அடுக்கும்போது பொன் மாதிரி இருந்த பழங்கள் சந்தைக்குப் போய்ச் சேரும்போது கறுத்திருந்தன. சிவகிரி அண்ணாச்சி இரண்டாவது வருடத்தோடு வருவதை நிறுத்தினார். வேறு யாரோ ஒரு வருடம் ஓலை கட்டினார்கள். அப்புறம் கட்ட ஆளில்லை. "சாரல் தின்னுட்டு" என்று பெரியப்பா எல்லாரிடமும் சொன்னார். மரம் அறுக்கிறவர்கள் வந்த அன்று நான் காபி போட்டுக் கொடுத்தேன். எனக்குத் தோப்பு போனதில் அவ்வளவு வருத்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது நிற்கிறவரை அந்தக் கிணற்றடி மரத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

உன்னிடம் ஏற்பட்ட மாற்றம்தான் எனக்குப் பெரிது. அதற்குப் பிறகு நீ எதற்கும் "தெரியாது" என்று சொல்ல ஆரம்பித்தாய். கண்ணாடி டம்ளரை யார் உடைத்தது, தெரியாது. வகுப்பில் அந்தப் பிள்ளையை யார் தள்ளிவிட்டது, தெரியாது. நீ பக்கத்தில்தான் நின்றாய் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "என்ன கேட்டாலும் தெரியாதுங்கா. அமைதியான பிள்ளை" என்றும் சொன்னார். நம் சொந்தக்காரர்களும் அப்படித்தான் உன்னை மெச்சினார்கள். போலீஸ் வேலைக்கு நீ தேர்வானபோது எனக்குப் பயமாக இருந்தது அதனால்தான். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் அடி வாங்குவார்கள் என்று ஒன்பது வயதில் நீ படித்த பாடத்தை நான் நடத்தினேன். தெரியாது என்று சொல்லப் பழகிய ஒரு போலீஸ்காரி எத்தனை பேருக்கு வசதியாக இருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். உன் முன்னால் ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளை வந்து நிற்கும். அதைப் பெற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேள். அது சொன்னதைத் தாய் மறுத்தால், தாய் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வை. தாய் பொய் சொல்ல மாட்டாள் என்று ஸ்டேஷனில் யாராவது சொன்னால் என்னை நினைத்துக்கொள். உனக்கு நான் சொல்லத் தகுதியுள்ள புத்திமதி இவ்வளவுதான்.

நீ ரயிலேறிய மறுநாள் அச்சன்புதூருக்குப் போனேன். பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பழம், டிரம், புழக்கடைக் குழி. பேப்பரை மடிக்காமலே கேட்டார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒம்பது வயசுப் பிள்ளைக்கு மொத நடை, கிணத்தடி மரம், காம்போடன்னு கட்டிச் சொல்ல வருமா? அங்கனயே தெரிஞ்சு போச்சு. அதுக்கு என்ன செய்யச் சொல்லுத? மருமவ களவாணின்னு ஆனா குடும்பத்துக்குக் காலத்துக்கும் அசிங்கம். பிள்ள புளுகிட்டுன்னா ரெண்டு நாளுல மறந்துரும்."

"அவங்களுக்கு?" என்று கேட்டேன், உன் அப்பாவுக்கு.

"தம்பிக்கா? அவன் போலீசுக்காரன்லா. அன்னைக்குச் சாயங்காலமே வந்து கேட்டான், என்னண்ணே, பிள்ளைய வீணா அடிச்சிட்டமேன்னு. விடுலேன்னுட்டேன்."

"பெறவு எதுக்கு அந்தப் பேரச் சொல்லியே கூப்பிட்டிய?"

"சும்மா, ஒரு வெளையாட்டுக்கு" என்றார். "காப்பி குடிக்கியா?"

நான் குடிக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தேன். எல்லாருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது. உனக்கும்தான் தெரியும், ஆனால் நீ ஒருத்திதான் அதைச் சொன்னாய், நீ ஒருத்திதான் பொய்க்காரி. அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. இதைப் படித்த பிறகு அவரே பேசட்டும். பேசாவிட்டாலும் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மன்னித்தால் மறுபடியும் நீதான் எனக்கு ஒன்று கொடுத்ததாக ஆகும். கட்டைவிரல் படத்தையும் இதற்குப் பதிலாக அனுப்பாதே. அங்கே உனக்கு வாக்குமூலம் எழுதப் பழக்குவார்கள் என்று கேள்விப்பட்டேன். இடம், நேரம், பார்த்தது, கேட்டது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டுமாம். நானும் அப்படியே ஒன்று எழுதிப் பார்த்தேன்.

அச்சன்புதூர்த் தோப்பில், ஓலை கட்டியிருந்த ஆனி மாதத்தில், கிணற்றடி மரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து நல்ல பழம் ஒன்றை நான் காம்போடு பறித்தேன். வீட்டில் அரிசி டிரம்மில் வைத்தேன். என் மகள் பார்த்தாள். கேட்டவர்களிடம் பார்த்ததைச் சொன்னாள். அவள் சொன்னது உண்மை.